மேக்கணக்கு மருந்து

பசுமைப் பொருளாதாரம் என்று இப்போது பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சுற்றாடலைக் கெடுக்காத பொருளுக்கு வெளிநாட்டில் கிராக்கி கூடுகிறதாம், அதனால் நம் ஏற்றுமதி உயருமாம். வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அப்படி எங்கள் தோட்டத்திலிருந்து போகவிருந்த ஏற்றுமதி ஒரு தடவை என் வாயிலிருந்து விழுந்த ஒரே ஒரு சொல்லால் நின்றுபோகப் பார்த்தது. அதைத் திரும்ப ஓட வைத்ததும் நான்தான். அடக்கமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வராது.

பதுளைப் பக்கம், எல்ல என்கிற ஊரிலிருந்து பசறைக்குப் போகிற பாதைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் ‘கணக்கு’ என்போம். கீழே இருப்பது கீக்கணக்கு, மேலே மேக்கணக்கு. நான் மேக்கணக்கில் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை படித்து, கொழுந்து எடுக்கப் போனவள். தொண்ணூறுகளில் தோட்டங்களைக் கம்பெனிகள் நடத்தத் தொடங்கியதும் ஒரு பேச்சு கிளம்பியது. மேக்கணக்கில் செடி கிழடாகிவிட்டது, போடுகிற உரத்தின் செலவுகூடத் திரும்பி வருவதில்லை, மூடிவிட்டு டர்பன்டைன் மரம் நடலாம் என்று. கணக்கை மூடினால் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளையும் மூடுவார்கள். எங்களைக் கீழே கொண்டுபோய், ஒழுகுகிற பழைய காம்பராக்களில் ரெண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று அடைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒரே காம்பராவுக்குள் குறுக்கே சேலையைக் கட்டிக்கொண்டு ரெண்டு குடும்பம் படுத்துக் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். எனக்கு ரெண்டும் பொம்பளைப் பிள்ளைகள். என்ன ஆனாலும் கீழே இறங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஜெர்மனியில் ஒரு வியாபாரி இரசாயனம் படாத தேயிலை கேட்கிறார் என்று செய்தி வந்தது. சாதாரணத் தேயிலையைவிடக் கூடின விலைக்கு எடுப்பாராம். புதிதாக வந்திருந்த தொரை, தோட்டத்து மேலதிகாரி, வயசில் சின்னவர், பிடிவாதக்காரர். எப்படியும் மூடப் போகிற கணக்குத்தானே, அதில் செய்து பார்ப்போம் என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிட்டார். பெரட்டுக் களத்தில், காலையில் எல்லோரையும் வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில், நிறுத்தி வைத்து விசயத்தைச் சொன்னார். மூன்று வருசத்துக்கு மேக்கணக்கில் மூட்டை உரம் கிடையாது, புல்லுக்கு அடிக்கிறது கிடையாது, பூச்சிக்கு அடிக்கிறது கிடையாது. அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் தேயிலை கப்பல் ஏறும். கொடுக்காவிட்டால் கணக்கை மூடுவதைத் தன்னால் தடுக்க முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

பூச்சியை விரட்டவும் செடிக்குச் சத்து கொடுக்கவும் ஒரு கரைசல் காய்ச்ச வேண்டியிருந்தது. மாட்டுச் சாணி, மூத்திரம், வெல்லவாயப் பக்கமிருந்து வருகிற வேப்பங்கொட்டை, காட்டுச் சூரியகாந்தி இலை, இடித்த பூண்டு, எல்லாவற்றையும் பீப்பாவில் ஊறப்போட்டு நாளுக்கு ரெண்டு தரம் கிண்ட வேண்டும். ஆம்பளைகள் ஒருத்தரும் முன்னால் வரவில்லை. நான் வந்தேன். கொட்டகையைக் கொடுத்தார்கள், கிண்டுவதற்கு ஒரு நீளக் கம்பைக் கொடுத்தார்கள், நாற்றத்தை நானே எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் எங்கள் வீட்டுக்காரர் வாசலிலேயே மறிப்பார்.

“ஏ புள்ள, மொதல்ல பீலிக்குப் போயி குளிச்சிட்டு வா. மாடுகூட இப்புடி நாறாது.”

“மாடு ஒங்களுக்குச் சோறாக்கிப் போடாது,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவேன்.

கொட்டகைக் கதவில், எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ‘இயற்கைத் திரவப் பசளை’ என்று பெயின்டால் அழகாக எழுதி வைத்தார். ஒரு மனுசரும் அதை வாயால் சொன்னதில்லை. தோட்டத்தில் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு செடிக்கு எதைப் பீச்சினாலும் அது மருந்துதான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். பீச்சுகிறவர்கள் மருந்துக்காரங்க, பீச்சுகிற நாள் மருந்து நாள். அதனால் என் பீப்பாவில் இருந்ததும் மருந்து. நான் மருந்து கலக்கிறவள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, சொல்லாமல் என்ன.

முதல் வருசம் செடியெல்லாம் மஞ்சளடித்தது. புல்லைக் கையால் பிடுங்கிப் பிடுங்கி விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. கொழுந்து குறைந்துபோய் கீக்கணக்குக்காரர்கள் எங்களைப் பார்த்து, “சாணித் தேத்தண்ணிக்காரங்க வாறாங்க” என்று கேலி பேசினார்கள். ரெண்டாம் வருசம் மண்ணைக் கிண்டினால் மண்புழு கிடந்தது. மூன்றாம் வருசம் ஒரு மழைக்குப் பிறகு மேட்டுப் பக்கத்துச் செடிகள் ஒன்றாகத் துளிர்விட்டபோது நான் நடுமலையில் நின்று அழுதுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்திருக்கிறார்கள், அதையும் வைத்துக் கேலி செய்தார்கள்.

பரிசோதகர் வந்தார். வெள்ளைக்கார அம்மா, நல்ல உயரம், வெயிலில் மூக்கு சிவந்துபோய் இருந்தது. மொழிபெயர்க்க, பதுளையில் உத்தியோகம் பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மரியாதையான ஆள். என்னை மலையில் நிறுத்தி அந்த அம்மா கேட்டதை அவர் தமிழில் கேட்டார்.

“அம்மா, இஞ்ச தேயிலைக்கு மருந்து ஏதும் அடிக்கிறனீங்களோ?”

இந்தக் கேள்விக்காகத்தானே மூன்று வருசம் காத்திருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

“ஆமாங்க. மாசத்துல ரெண்டு தடவ அடிக்கிறோம். வேற யாரையும் கலக்க விடமாட்டேங்க, நானேதான் கலக்கிறேன்.”

அவர் முகம் சுருங்கியது. “வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. மருந்தோ?”

“மருந்துதாங்க. இந்த மலை பூராவும் அடிச்சிருக்கு. ஒரு செடி விடல.”

அவர் தயங்கித் தயங்கி இங்கிலீசில் சொன்னார். அந்த அம்மா எழுதினாள், எழுதியதை ஒரு தடவை வாசித்தாள், நோட்டை மூடினாள். தொரை அன்றைக்குக் கொழும்புக் கூட்டத்துக்குப் போயிருந்தார், கணக்கப்பிள்ளை கீழே ஆபீசில் இருந்தார், சரிபண்ண ஆள் இல்லை. கொட்டகையைக்கூடப் பார்க்காமல் அவர்கள் ஜீப்பில் ஏறிப் போனார்கள். நான் லயத்துக்குப் போய், கேள்வி எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன் என்று பெருமையடித்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“என்னா புள்ள சொல்லி வச்ச அந்தம்மாகிட்ட? மருந்தடிக்கிறோம்னு நீயே சொன்னியாமே. சர்ட்டிபிக்கேட் இல்லன்னு எழுதிட்டாங்க. இன்னைக்குத் தெமோதரையில ரயில் ஏறுறாங்க.”

“நான் நம்ம பீப்பா மருந்தத்தானேய்யா சொன்னேன்.”

“அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு மருந்துன்னா கடையில விக்கிற போத்தல் மருந்துதான்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பையன் மேல் கோபம், அந்த அம்மா மேல் கோபம், பெயின்டால் எழுதி வைத்ததைச் சொல்லாத எங்கள் எல்லோருடைய நாக்கின் மேலும் கோபம். மூன்று வருசம் சாணியில் கைவிட்டுக் கிண்டியது ஒரு சொல்லில் போவதா? கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு சின்னக் கேனில் கரைசலை மொண்டு மூடினேன். கவ்வாத்துக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

“போயி என்னா பேசப் போற? அவங்க பாஷை ஒனக்குத் தெரியுமா?”

“பாஷை தெரியாட்டி என்னா. அந்தம்மாவுக்கு மூக்கு இருக்குல்ல.”

பஸ்ஸில் ஏறினேன். ரெண்டு வளைவு தாண்டுவதற்குள் கேன் மூடி கசிந்தது. கொண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் இறங்கச் சொன்னார், பயணிகள் எல்லோரும் அவர் கட்சி. இறங்கினேன். தேயிலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதை வழியாகத் தெமோதரைக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட வழுக்கிக்கொண்டு போனேன் என்பதே சரி. சேலையில் பாதி மண்ணும் பாதி கரைசலும்.

பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் முதலில் தெமோதரை ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஏறி ஸ்டேசனுக்கு வரும். காலுக்குக் கீழே சத்தம் கேட்டால் வண்டி வரக் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் பிளாட்பாரத்தில் ஏறி அவர்கள் முன்னால் நின்றதும் அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு இருந்தது அந்த ஒரு சுற்றுதான்.

“ஐயா,” என்று அந்தப் பையனிடம் சொன்னேன், “மருந்து அடிக்கிறீங்களான்னு கேட்டீங்க. என்ன மருந்துன்னு கேக்கலியே. இதுதாங்க எங்க மருந்து.”

கேனைத் திறந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். பையன் கைக்குட்டையை எடுத்தார்.

“இது என்னம்மா?”

“சாணி, மாட்டு மூத்திரம், வேப்பங்கொட்ட, பூண்டு. செடிக்கு அடிக்கிற எல்லாத்துக்கும் நாங்க மருந்துன்னுதாங்க சொல்லுவோம். வேற பேரு எங்களுக்குத் தெரியாது.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “ஐயோ அம்மா, நான் பிழையா விளங்கிப்போட்டன்,” என்றார். பிறகு அந்த அம்மாவிடம் வேகவேகமாகப் பேசினார். அவள் குனிந்து கேனுக்குள் மூக்கை வைத்தாள். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு தும்மினாள். மறுபடியும் குனிந்து மோந்தாள். ஏதோ சொன்னாள்.

“தங்கட ஊரிலயும் இப்பிடி ஒண்டு செய்யிறவையாம். ஆனா இவ்வளவு நாத்தமில்லையாம்.”

“நல்லா ஊறலைன்னு அர்த்தம்னு சொல்லுங்க.”

அவர் அதையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அவள் சிரித்தாள். ஆனால் மணத்தை வைத்துச் சான்றிதழ் எழுத முடியாது, கொட்டகையையும் மலையையும் திரும்ப முழுதாகப் பார்க்க வேண்டும் என்றாள். வண்டி மேலே வந்து நின்றது. அவர்கள் ஏறவில்லை. எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை, திரும்பிப் போகப் பிடித்த வேனில் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அந்தப் பையன்தான்.

பீப்பாக்களைப் பார்த்தாள். மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள், சோதனைக்கு இலை பறித்துப் பையில் போட்டாள். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள் லயத்துப் பின்பக்கம் போனாள். அங்கேதான் வினை காத்திருந்தது.

லயத்துக்குப் பின்னால் சரிவில் ஆளாளுக்கு ஒரு துண்டு நிலம் கொத்தி வைத்திருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் போஞ்சி, அதாவது பீன்ஸ், போட்டிருந்தார். குச்சி நட்டு, கொடி ஏற்றி, அது காய்த்துத் தொங்குகிற நேரம். அடுத்த கிழமை பசறைச் சந்தைக்குக் கொண்டுபோகப் பேசி வைத்திருந்தார். மலையில் செய்கிற வேலையெல்லாம் கம்பெனிக்கு, இந்த ஒரு துண்டு மட்டும் தனக்கு என்று அவர் அதில் உயிரை வைத்திருந்தார். வேலிக் கம்பில் ஒரு போத்தல் தொங்கியது. தேயிலைக்கு அடிக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், போஞ்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் லயத்தில் எல்லோரும் கடையில் வாங்கி அடித்தார்கள். மழை பெய்தால் அது கீழே தேயிலைக்குத்தான் ஓடும் என்று நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அந்த அம்மா போத்தலைக் காட்டினாள். பையன் இந்தத் தடவை நிதானமாகக் கேட்டார்.

“அம்மா, இது எந்த மருந்து? உங்கட பீப்பா மருந்தோ?”

பின்னாலிருந்து ஒருத்தி என் முதுகைக் கிள்ளினாள். “மண்ணெண்ணெய்னு சொல்லிரு,” என்று காதில் முணுமுணுத்தாள். பொய் சொல்ல எனக்கு வராது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், நன்றாகவே வரும். ஆனால் அவள் அந்தப் போத்தலையும் மோந்து பார்ப்பாள் என்று தெரியும். அது மட்டுமில்லை. என் சொல்லை நம்பி ஒருத்தி ரயிலை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“இல்லீங்க. இது நெச மருந்து. கடையில வாங்குனது. போஞ்சிக்கு அடிக்கிறோம்.”

அவள் சரிவைப் பார்த்தாள், கீழே தேயிலையைப் பார்த்தாள். பிறகு சொன்னதைப் பையன் மெதுவாக எங்களுக்குச் சொன்னார். லயத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஒரு பட்டித் தேயிலையை இந்தத் தடவை சேர்க்க முடியாதாம். அடித்த கொடியெல்லாம் இன்றைக்கே தன் கண் முன்னால் வெளியே போக வேண்டுமாம். இனி இந்தச் சரிவில் போத்தல் கூடாதாம். இதற்குச் சம்மதம் என்றால், இலையின் சோதனையும் சரியாக வந்தால், மேக்கணக்குக்குச் சான்றிதழ் கிடைக்கும். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து, இன்னும் மூன்று வருசம்.

இன்னும் மூன்று வருசம் கம்பெனி பொறுக்காது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சரிவில் ஏறினேன். முதல் கொடியைப் பிடித்து இழுத்தேன். பாதியில் அறுந்துவிட்டது.

“வேரோட புடுங்கு,” என்றார் அவர். “பாதியில ஒடச்சா திரும்பத் துளுக்கும்.”

சொல்லிவிட்டு அடுத்த பாத்தியில் இறங்கி அவரே பிடுங்கத் தொடங்கினார். பிறகு மற்ற வீட்டுக்காரர்களும் அவரவர் பாத்திக்குப் போனார்கள். அந்த அம்மா நோட்டை மூடிவைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

சோதனை சரியாக வந்தது. மேக்கணக்கை மூடுகிற பேச்சு அதோடு நின்றது. எங்கள் தேயிலைப் பெட்டிகள் லொறியில் ஏறிய அன்று தொரை எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். ஆனால் அந்த வருசம் பூராவும் லயத்துச் சரிவு வெறுமண்ணாகக் கிடந்தது. ஒன்றிரண்டு பேர் போட்டுப் பார்த்த போஞ்சியையும் பூச்சி தின்றுவிட்டது. மருந்து படாத இலையை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு, பசறைச் சந்தையில் மருந்தில் குளித்த போஞ்சியை விலை கொடுத்து வாங்கி என் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டேன். ஒருநாள் அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு மேலே வெள்ளையாக ஒரு படலம் மிதந்தது. சட்டியை அப்படியே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

“தொர, பீப்பாவுல கொஞ்சம் எங்க லயத்துத் தோட்டத்துக்கும் வேணும்.”

தொரை தலையைத் தூக்கினார். “அது ஏத்துமதித் தேயிலைக்கு உள்ளது. லயத்துக்குக் கொடுக்க ஏற்பாடு இல்ல.”

“ஏற்பாடு பண்ணுங்க. சீமைக்காரங்க வயித்துக்கு நல்லது போகணும்னு மூணு வருசம் கிண்டுனேன். எம் புள்ளைங்க வயிறு மட்டும் என்னா, குப்பத் தொட்டியா?”

“கோவப்படாத. கம்பெனியில கேட்டுச் சொல்றேன்.”

“கேளுங்க. அதுவரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன். இன்னைக்குக் கிண்டலன்னா பீப்பா கெட்டுப்போகும், அதையும் சேத்துக் கேளுங்க.”

நிஜமாகவே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். லயத்துக்கென்று தனியாக ஒரு பீப்பா வந்தது. அதைக் கிண்டுகிற வேலைக்குச் சம்பளம் கிடையாது என்றார்கள். தேவையில்லை என்றேன்.

அடுத்த போகம் வீட்டுக்காரர் மறுபடியும் குச்சி நட்டார். முன்பு காய்த்ததில் பாதிதான் காய்த்தது, அதுவும் கோணல்மாணலாக. சந்தைக்குக் கொண்டுபோகிற மாதிரி இல்லை. முதல் பறிப்பைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். ஒரு காயை ஒடித்தேன், உள்ளே பச்சைப் புழு ஒன்று நெளிந்தது. இத்தனை வருசமாக நான் விரட்டுகிறதாகப் பெருமை பேசிய புழு. எனக்கு வெட்கமாகிவிட்டது, காயைத் தூரப் போடப் போனேன்.

அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். புழுவை விரலால் சுண்டிவிட்டுக் காயைச் சட்டிக்குள் போட்டார்.

“அது தின்னுட்டு உசுரோடதானே இருக்கு. புள்ளைங்களுக்கு ஆக்கு.”